கொப்பரையில் என்ன கொதிக்கிறது?

வேதபகுதி: 2 இராஜாக்கள் 4:38-41, அப்போஸ்தலர் 8:9-24, 19:11-20



உபவாச ஜெபம் முடிந்து கஞ்சி குடிக்கிற நேரத்தில்தான் தாய்மார்கள் மனதில் உள்ளதைச் சொல்லுவார்கள். போன மாதம் மூன்று பேர் ஒரே காரியத்தைக் கேட்டார்கள். "ஐயா, பையன் ஒரு கேம் விளையாடுறான். அதுல மந்திரப் பள்ளிக்கூடத்துல சேர்ந்து மந்திரம் படிக்கிறானாம், கொப்பரையில மருந்து காய்ச்சுறானாம். அந்த டிஸ்க்கை எடுத்து எரிச்சுடலாமா?" ஒருவர் ஏற்கெனவே எரிக்கத் தீப்பெட்டியோடு தயாராக இருந்தார் என்றே நினைக்கிறேன். நான் உடனே பதில் சொல்லவில்லை. பார்க்காத ஒன்றைப் பற்றிப் பிரசங்கிப்பது எனக்குப் பிடிக்காது. வாலிபர் கூட்டத்துப் பிள்ளைகள் இரண்டு பேரை அழைத்து, "தம்பி, எனக்கு அதை முதலிலிருந்து காட்டுங்க" என்று உட்கார்ந்துவிட்டேன். நாலைந்து சாயங்காலம் ஆயிற்று.

அதன் பெயர் ஹாக்வார்ட்ஸ் லெகசி. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்துச் சால்ட் லேக் சிட்டியில் உள்ள அவலாஞ்ச் சாஃப்ட்வேர் என்கிற கம்பெனி செய்தது. 2023 பிப்ரவரி 10ஆம் தேதி வெளிவந்து, அந்த ஒரே வருஷத்தில் உலகமெங்கும் 2 கோடிக்கும் மேல் விற்றுப்போனது. 1997இல் வரத் தொடங்கிய ஹாரி பாட்டர் கதைப் புத்தகங்களின் உலகம்தான். ஆனால் காலம் அதற்கு நூறு வருஷம் முந்தினது. 1890ஆம் ஆண்டு வாக்கில், ஸ்காட்லாந்து மலைநாட்டில் ஒரு கோட்டைப் பள்ளிக்கூடம். விளையாடுகிறவன் அதிலே ஐந்தாம் வருஷத்து மாணவனாகச் சேருகிறான். ஒரு ஆசிரியர் தூரத்திலுள்ள பொருளைக் கையண்டைக்கு இழுக்கிற மந்திரத்தைச் சொல்லிக்கொடுக்கிறார். திரையில் ஒரு கோடு வளைந்து வளைந்து போகிறது. மந்திரக்கோலை அந்தக் கோட்டின்மேலேயே நடத்தி, சரியான சமயத்தில் சரியான பட்டனை அமுக்கினால் மந்திரம் கைவசமாகிறது. அப்புறம் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏவலாம். ஒரு தடவையும் தவறாது.

மருந்து வகுப்பு வேறே. கால் தாங்கித் தாங்கி நடக்கிற ஷார்ப் என்கிற கண்டிப்பான வாத்தியார். டிட்டனி இலையையும், ஹார்க்லம்ப் என்கிற ஒரு கற்பனை ஜந்துவின் சாறையும் கொப்பரையில் போட்டால் காயம் ஆற்றுகிற பச்சை மருந்து கிடைக்கும். இன்னொன்றைக் குடித்தால் தோல் பாறைபோல ஆகும். அட்டைச் சாறும் சிலந்திப் பல்லும் சேர்ந்தால் மந்திரத்தின் பலம் கூடும். கண்ணுக்குத் தெரியாமல் மறைய ஒரு மருந்து உண்டு. இலை வேண்டுமென்றால் தொட்டியில் விதை போட்டால் சில நிமிஷத்தில் பறிக்கலாம். கொப்பரையில் வைத்தால் சில வினாடியில் காய்ந்து இறங்கும். நம்ம வீட்டில் கஷாயம் வைக்கிற பாட்டிமார் கேட்டால் சிரிப்பார்கள்!

சரி, இப்போது காரியத்துக்கு வருவோம்.

பட்டனை அமுக்கினவுடனே பிசாசு வந்து வீட்டில் குடியேறிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். அந்த மந்திர வார்த்தைகள் கதை எழுதினவர் லத்தீன் பாஷையிலிருந்தும் மற்ற பாஷைகளிலிருந்தும் ஒட்டுப்போட்டுச் செய்த வார்த்தைகள். அவைகளுக்கு எந்த ஆவியும் பதில் கொடுப்பதில்லை. தானியேலை நினைத்துப் பாருங்கள். பாபிலோன் ராஜாவின் அரமனையில் கல்தேயருடைய எழுத்தையும் பாஷையையும் கற்றான். அந்த ராஜ்யம் முழுவதும் சாஸ்திரிகளும் ஜோசியரும் நிரம்பினது. படித்ததினால் அவன் தீட்டுப்படவில்லை. தீட்டுப்படாதபடிக்குத் தன் இருதயத்தில் தீர்மானித்தது சாப்பாட்டு விஷயத்தில். எதை உள்ளே விடலாம், எதை விடக்கூடாது என்று அந்தப் பிள்ளைக்கே தெரிந்திருந்தது. பிற்பாடு ராஜா அந்த ஞானிகளையெல்லாம் கொன்றுபோடச் சொன்னபோது, அவர்களை அழிக்கவேண்டாம் என்று தடுத்தவனும் அவன்தானே. அதை நாம் ஞாயிறு பள்ளியில் சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.

ஆனாலும் "சும்மா கேம்தானே ஐயா" என்று சொல்லிக் கடந்துபோகவும் எனக்கு மனதில்லை. ஏன் என்று சொல்லுகிறேன்.

கலாத்தியர் 5ஆம் அதிகாரத்தில் பவுல் அப்போஸ்தலன் மாம்சத்தின் கிரியைகளை வரிசையாக எழுதும்போது, நம்முடைய தமிழ் வேதாகமத்தில் பில்லிசூனியம் என்று ஒரு வார்த்தை வருகிறது. கிரேக்கில் அது ஃபார்மகேயா. மருந்துக்கடைக்கு ஃபார்மசி என்று சொல்லுகிறோமே, அதே வேர். வேதாகமக் கல்லூரியில் இதைக் கேட்டபோது மற்ற பாஷைக்காரர்களுக்கு ஆச்சரியமாக இருந்தது. தமிழ் பேசுகிற எனக்கு ஆச்சரியமாகவே இல்லை. "அவனுக்கு மருந்து வைத்துவிட்டார்கள்" என்று நம்ம ஊரில் சொன்னால் என்ன அர்த்தம்? டாக்டர் மாத்திரை கொடுத்தார் என்றா அர்த்தம்? வியாதியைச் சுகமாக்குவதும் மருந்து, ஒரு மனுஷனுடைய மனதைக் கட்டுவதும் மருந்து. இரண்டு பாஷைக்காரரும் ஒரே வார்த்தையில் இரண்டையும் வைத்திருக்கிறார்கள். காரணம், இரண்டும் ஒரே கொப்பரையில் கொதிக்கக் கூடியவை. இலை ஒன்று, அடுப்பு ஒன்று. யாருக்காக, எதற்காகக் காய்ச்சுகிறோம் என்பதில்தான் பிரிகிறது.

கர்த்தர் மூலிகைக்கு விரோதி அல்ல. எசேக்கியா ராஜா மரணத்துக்கு ஏதுவான வியாதியில் கிடந்தபோது ஏசாயா தீர்க்கதரிசி ஜெபத்தோடு அத்திப்பழ அடையையும் பிளவையின்மேல் வைக்கச் சொன்னார். தீமோத்தேயுவின் வயிற்றுக்குப் பவுல் வைத்தியம் எழுதினார். லூக்கா ஒரு வைத்தியன். இன்னும் மேலே போங்கள். யாத்திராகமம் 30ஆம் அதிகாரத்தில் கர்த்தர் தாமே மோசேக்கு ஒரு தயாரிப்பு முறையைக் கொடுக்கிறார். வெள்ளைப்போளம் 500 சேக்கல், கருவாப்பட்டை 250, வசம்பு 250, இலவங்கப்பட்டை 500, அதற்கு ஒரு குடம் ஒலிவ எண்ணெய். எடை தப்பக்கூடாது, தைலக்காரன் செய்கிற முறைப்படி கூட்டவேண்டும். மந்திரப் பள்ளிக்கூடத்து மருந்துப் புஸ்தகம் தோற்றுப்போகும்! ஆனால் அதே அதிகாரத்தில் ஒரு கட்டளை உண்டு. அதைப்போல ஒன்றை எவனும் தனக்கென்று செய்யக்கூடாது. செய்தால் ஜனத்திலிருந்து அறுப்புண்டு போவான். ஏன் இத்தனை கண்டிப்பு? அந்த எண்ணெயில் பட்டைக்கும் போளத்துக்கும் தனியே ஒரு சக்தி இருந்ததில்லை. அது யாருக்குச் சொந்தம் என்பதே காரியம். தேவனுடையதை வீட்டு அலமாரியில் வைத்து இஷ்டத்துக்குப் பூசிக்கொள்ள ஆரம்பித்த நிமிஷமே அது மருந்து வைக்கிற வேலையாக மாறிவிடும்.

அந்த விளையாட்டிலே என்னை உலுக்கினது கொப்பரை அல்ல. ஒரு பையனுடைய கதை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும்.

செபாஸ்டியன் சாலோ என்று ஒரு மாணவன். நல்ல புத்திசாலி, சிநேகமுள்ளவன், விளையாடுகிற பிள்ளைகள் எல்லாருக்கும் அவனைப் பிடிக்கும். அவனுக்கு ஆன் என்று ஒரு இரட்டைச் சகோதரி. யாரோ ஏவின சாபத்தினால் அவள் தீராத வேதனையில் கிடக்கிறாள். படிப்பை விட்டுவிட்டு, ஃபெல்ட்கிராஃப்ட் என்கிற கிராமத்தில் மாமா வீட்டில் இருக்கிறாள். வைத்தியம் பார்த்தாயிற்று, பலன் இல்லை. மாமா சாலமன் சொல்லுகிறார்: இதற்குச் சுகம் இல்லை, இருக்கிற நாளைச் சமாதானமாய் விடுவோம், நீ கண்டதையும் தோண்டாதே. தம்பிக்கு மனது கேட்குமா? கேட்காது. அவன் இருண்ட மந்திரத்தைத் தேடிப் போகிறான். கூட ஒமினிஸ் என்கிற கண்தெரியாத சிநேகிதன் இருக்கிறான். அவன் அந்த மந்திரத்திலேயே ஊறிப்போன குடும்பத்தில் பிறந்து அதை வெறுத்தவன். வேண்டாம், வேண்டாம் என்று அவன்தான் கெஞ்சுகிறான். (கண்ணில்லாதவனுக்கு எது தெரிந்தது, கண்ணுள்ளவர்களுக்கு எது தெரியவில்லை, பாருங்கள்.)

தேடிப்போன இடத்தில் ஒரு கதவு. உள்ளே மாட்டிக்கொண்டவர்களில் ஒருவன் மற்றவன்மேல் வேதனைப்படுத்துகிற மந்திரத்தை ஏவினால்தான் அது திறக்கும். ஏவுகிறார்கள், திறக்கிறது.  ஒவ்வொரு தடவையும் "அக்காவுக்காகத்தானே" என்கிற நியாயம். கடைசியில் மாமா தடுக்க வந்து, அவன் தேடி எடுத்த பொருளை உடைத்துப் போடுகிறார். பையன் கோல் எடுத்து, கொல்லுகிற மந்திரத்தினால் மாமாவைக் கொன்றுவிடுகிறான். சகோதரி அதைப் பார்க்கிறாள். அவனை விட்டுப் போய்விடுகிறாள். அவளுடைய வியாதி சுகமாகவும் இல்லை.

இதை எழுதினவர்கள் பிரசங்கிமார் அல்ல. ஆனாலும் சத்தியத்தை எழுதியிருக்கிறார்கள். சவுல் ராஜாவின் கதை வேறென்ன? அஞ்சனக்காரரையும் குறிசொல்லுகிறவர்களையும் தேசத்திலிருந்து துரத்தினதே சவுல்தான். பெலிஸ்தரின் பாளயத்தைக் கண்டு இருதயம் நடுங்கி, கர்த்தரிடத்தில் கேட்டும் பதில் வராமல் போனவுடனே, வேஷம்மாறி இராத்திரியில் எந்தோருக்கு நடந்துபோகிறான். துன்மார்க்கம் பண்ணவேண்டும் என்று போகவில்லை. பயந்து போனான். மறுநாள் கில்போவா மலையில் செத்துக் கிடந்தான். மந்திரவாதியின் வாசலில் நிற்கிறவர்களில் கெட்டவர்கள் குறைவு, பிரியமானவர்களே. அழுகிறவர்கள்தான் அதிகம்.

நம்முடைய சபையிலேயே ஒரு சகோதரி இருக்கிறார். பெயர் வேண்டாம். மகளுக்கு வலிப்பு. ஜெபிக்கிறோம், ஆஸ்பத்திரி மாத்திரையும் போகிறது, முன்னைக்குக் குறைந்திருக்கிறது, ஆனாலும் முழுச்சுகம் இல்லை. சொந்தக்காரர்கள், "ஒரே ஒரு கயிறு கட்டிட்டு வந்துடலாம், உங்க சாமிக்குத் தெரியவா போகுது" என்றார்களாம். அந்தச் சகோதரி என்னிடத்தில் வந்து, "போகமாட்டேன் ஐயா. ஆனா போகணும்னு ஆசையா இருக்கு" என்று சொன்னார். நான் இத்தனை வருஷ ஊழியத்தில் கேட்ட உண்மையான வார்த்தைகளில் அது ஒன்று. செபாஸ்டியனை அந்தத் தாய்க்கு யாரும் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

ஆகவே அந்தக் கதையில் எனக்குக் குறை இல்லை. குறை எங்கே என்றால், மாமா செத்த பிற்பாடு அந்தப் பையன் விளையாடுகிறவனைப் பார்த்து, அந்தக் கொல்லுகிற மந்திரத்தை உனக்கும் சொல்லித்தரட்டுமா என்று கேட்கிறான். வேண்டாம் என்றும் சொல்லலாம், கற்றுக்கொள்ளுகிறேன் என்றும் சொல்லலாம். கற்றுக்கொண்டால் என்ன ஆகிறது? ஒன்றும் ஆகிறதில்லை! பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போகலாம், வகுப்பில் உட்காரலாம், எந்த வாத்தியாரும் தண்டிக்கமாட்டார். எதிரியை ஒரே வீச்சில் கொல்ல ஒரு கருவி கூடிவிட்டது, அவ்வளவுதான். கதையில் பாவத்துக்குச் சம்பளம் உண்டு. பிள்ளையின் கையிலோ அது இலவசம். செபாஸ்டியனுக்கு வீடு போயிற்று, சகோதரி போனாள். விளையாடுகிறவனுக்கு ஒரு பட்டன் லாபம். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள பொய்யைத்தான் நான் பெற்றோருக்குக் காட்ட விரும்புகிறேன். கொப்பரையையும் துடைப்பக்கட்டையையும் பார்த்துக் கத்துகிற நாம் இதைக் கவனிப்பதில்லை.

எனக்கு விளையாடிக் காட்டின தம்பிமாரிடம் கேட்டேன். ஒருவன் கற்றுக்கொண்டான், ஒருவன் வேண்டாம் என்று விட்டிருந்தான். ஏனென்று கேட்டதற்கு, "அவன் மாமாவைக் கொன்ன அதே மந்திரத்தை அவன்கிட்டயே கத்துக்க ஒரு மாதிரியா இருந்துச்சு ஐயா" என்றான். அந்த "ஒரு மாதிரியா" என்கிறதை மனச்சாட்சி என்று வேதம் சொல்லும். நான் அவனை மெச்சினேன். மற்றவனைத் திட்டவில்லை. அவன் வீட்டுக்குப் போகிற வழியில் யோசித்திருப்பான்.

1890 ஸ்காட்லாந்து என்று சொன்னேன் அல்லவா? அந்தக் கோட்டையும் பள்ளிக்கூடமும் கற்பனை. ஆனால் அந்த வருஷத்தில் உண்மையாகவே ஸ்காட்லாந்து தேசத்தாள் ஒருத்தி மந்திர மருந்தோடு போராடிக்கொண்டிருந்தாள். மேரி ஸ்லெசர். 1848இல் பிறந்தவள். டண்டீ பட்டணத்து ஆலையில் சின்ன வயதிலேயே கூலிவேலை. 1876இல் மேற்கு ஆப்பிரிக்காவின் கலபாருக்கு மிஷனெரியாகப் போனாள். அது இன்றைக்கு நைஜீரியா தேசத்தில் இருக்கிறது. 1888இல் உள்நாட்டில் ஒக்கொயொங் ஜனங்களிடத்தில் போய்க் குடியிருந்தாள். அங்கே ஒருவன் செத்தால் யாரோ சூனியம் வைத்தான் என்று சொல்லி, சந்தேகப்பட்டவர்களுக்கு எசெரே என்கிற ஒரு கொட்டையை அரைத்துத் தண்ணீரில் கலக்கிக் கொடுப்பார்கள். வாந்தியெடுத்துப் பிழைத்தால் குற்றமற்றவன், செத்தால் சூனியக்காரன். இரட்டைப் பிள்ளை பிறந்தால் சாபம் என்று அந்தக் குழந்தைகளைக் கொன்றுபோடுவார்கள், அல்லது காட்டில் எறிவார்கள். தாயையும் துரத்துவார்கள். மேரி அந்தக் குழந்தைகளைத் தூக்கிவந்து தன் வீட்டில் வளர்த்தாள். நஞ்சுக்கோப்பையைக் கொடுக்கிற இடத்தில் போய் நடுவே நின்றாள். 1915 ஜனவரியில் அங்கேயே மரித்தாள். அந்தக் கொட்டையைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். எடின்பரோவில் கிறிஸ்டிசன் என்கிற டாக்டர் 1855இல் அதைத் தானே கொஞ்சம் தின்று பார்த்தார். பிழைத்ததே பெரிது. பின்பு அதிலிருந்து பிரித்தெடுத்த மருந்து கண் அழுத்த நோய்க்கு உதவினது. ஒரே கொட்டை! சூனியக்காரனைப் பிடிக்கிறேன் என்றவன் கையில் விஷம், நோயாளிக்காக உட்கார்ந்தவன் கையில் மருந்து.

ஆப்பிரிக்கரைப் பற்றி இப்படிச் சொல்லிவிட்டு நிறுத்தினால் அநியாயம். அவளுடைய சொந்தத் தேசத்தில் நடந்தது என்ன? ஸ்காட்லாந்தில் 1563இல் சூனியத்துக்கு மரணதண்டனை என்று சட்டம் கொண்டுவந்தார்கள். அது 1736 வரைக்கும் இருந்தது. அதற்குள் ஏறக்குறைய 4,000 பேரைக் குற்றஞ்சாட்டினார்கள், பெரும்பாலும் ஸ்திரீகள். மூலிகை தெரிந்தவர்களும் பிரசவம் பார்க்கிறவர்களும் அதில் உண்டு. 1591இல் ஆக்னஸ் சாம்ப்சன் என்கிற மருத்துவச்சியை, ராஜாவாகிய ஆறாம் ஜேம்ஸ் தாமே விசாரித்தார். அவளைச் சித்திரவதை செய்து ஒப்புக்கொள்ள வைத்துக் கொன்றார்கள். பிற்காலத்தில் ஆங்கில வேதாகமத்தின்மேல் பெயர் பதிந்த அதே ஜேம்ஸ்தான். குருமாரும் சபை மூப்பர்களும் கூட நின்றார்கள். 2022இல்தான் ஸ்காட்லாந்து திருச்சபை அதற்காக மன்னிப்புக் கேட்டது. பக்கத்து வீட்டுக் கிழவியை "அவள் பார்வை சரியில்லை" என்று சொல்லுகிற நாக்கு நம்முடைய சபைகளிலும் இருக்கிறது. மந்திரத்தை எதிர்க்கிறேன் என்கிறவன் மந்திரவாதியைவிட அதிகம் பேரைக் கொல்லக்கூடும். இதை நான் வேண்டுமென்றே எழுதுகிறேன்.

இப்போது எபேசுவுக்கு வாருங்கள். அப்போஸ்தலர் 19. அந்தப் பட்டணம் மந்திரத்துக்குப் பேர்போனது. எபேசிய எழுத்துக்கள் என்று ஆறு அர்த்தமற்ற வார்த்தைகளைத் தகட்டில் எழுதித் தாயத்தாகக் கட்டுவார்களாம். கிரேக்க உலகம் முழுவதும் அது பிரசித்தம். அங்கே ஸ்கேவா என்பவனுடைய ஏழு குமாரர் பவுல் பிரசங்கிக்கிற இயேசுவின் நாமத்தைச் சொல்லிப் பிசாசைத் துரத்தப் பார்த்தார்கள். அந்த ஆவியோ, இயேசுவைத் தனக்குத் தெரியும், பவுலையும் தெரியும், இவர்கள் யார் என்றே தெரியவில்லை என்றது! அந்த மனுஷன் பாய்ந்து அடித்த அடியில் காயத்தோடு, உடுப்பில்லாமல் ஓடினார்கள். அவர்கள் சொன்ன நாமம் சரியான நாமம்தான். உச்சரிப்பிலும் குற்றமில்லை. கோட்டின்மேல் கோலைச் சரியாக நடத்தினார்கள், பட்டனும் சரியான பட்டன். மந்திரம் பலிக்கவில்லை, ஏனென்றால் அது மந்திரம் அல்ல.

நமக்குக் கொஞ்சம் வலிக்கட்டும், பரவாயில்லை. ஜெப எண்ணெய் என்று சின்னக் குப்பியில் வாங்கி வைத்துக்கொண்டு, கதவுநிலையில் பூசினால் கடன்காரன் வரமாட்டான் என்று நம்புகிறவர்கள் யார்? போனில் ஒரு வசனம் வருகிறது, ஏழு பேருக்கு அனுப்பினால் சாயங்காலத்துக்குள் அற்புதம், அனுப்பாவிட்டால் நஷ்டம். இதை அனுப்புகிறது பிள்ளைகளா? எனக்கு அனுப்பினவர்கள் எல்லாம் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட விசுவாசிகள். இன்ன வார்த்தையை இன்ன சத்தத்தில் இத்தனை தடவை சொன்னால் பரலோகம் திறந்தே ஆகவேண்டும் என்று கற்றுக்கொடுத்துவிட்டு, பையன் கையிலிருக்கிற கன்ட்ரோலரைப் பிடுங்குகிறோம். மந்திரத்துக்கு மறுப்பு கிடையாது, சரியாகச் சொன்னால் நடந்தே தீரும். ஜெபத்திலே ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் வேண்டாம் என்றும் சொல்லுவார். பவுல் மூன்று தரம் கேட்டும் முள் எடுபடவில்லை. எடுபடாத அந்த முள்ளோடே அவருக்குக் கிருபை கிடைத்தது. இதைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோமா?

எரிக்கலாமா என்று கேட்டீர்கள். அதே அதிகாரத்தைக் கவனமாக வாசியுங்கள். எபேசுவில் மாயவித்தைப் புஸ்தகங்களை எரித்தது யார்? பவுல் வீடுவீடாகப் போய்ப் பிடுங்கினாரா? இல்லை. விசுவாசித்தவர்களே வந்து தாங்கள் செய்தவைகளை அறிக்கையிட்டார்கள். அவரவர் தங்கள் தங்கள் புஸ்தகத்தையே கொண்டுவந்தார்கள். அதுவரைக்கும் விசுவாசிகள் வீட்டு அலமாரியில்தான் அவை இருந்திருக்கின்றன! மதிப்பு 50,000 வெள்ளிக்காசு. ஒரு காசு ஒரு நாள் கூலி என்று வைத்துக்கொண்டால், ஒருவன் 150 வருஷத்துக்கு மேல் உழைக்கவேண்டிய பணம். தாயார் எரித்தால் பிள்ளை இன்னொன்றை வாங்குவான், அல்லது சிநேகிதன் வீட்டுக்குப் போவான். அவனே கொண்டுவந்தால் அது வேறே.

எனவே முதலில் பக்கத்தில் உட்காருங்கள். "இது என்னப்பா, எனக்கும் காட்டு" என்று கேளுங்கள். அமெரிக்காவில் அதற்கு 13 வயதுக்கு மேல் என்று முத்திரை போட்டிருக்கிறார்கள், அதற்குக் கீழே உள்ள பிள்ளைக்கு நீங்கள் இல்லை என்று சொல்ல வெட்கப்படவேண்டாம். செபாஸ்டியன் செய்தது சரியா என்று கேளுங்கள். அந்தக் கொல்லுகிற மந்திரத்தைக் கற்றுக்கொண்டாயா என்று கேளுங்கள், ஆனால் போலீஸ்காரர்போல் கேட்கவேண்டாம். பிறகு கொஞ்சம் காது கொடுங்கள். சில பிள்ளைகளுக்கு அது வெறும் கதை. சில பிள்ளைகளோ வகுப்பில் யாரும் மதிக்காதவர்கள், வீட்டில் தகப்பனும் தாயும் சண்டை. அந்தக் கோட்டைக்குள்ளே மாத்திரம் அவன் கையை நீட்டினால் ஏதோ நடக்கிறது. அப்படிப்பட்டவனிடத்தில் கேமைப் பற்றிப் பேசாதேயுங்கள், வீட்டைச் சரிபண்ணுங்கள். இன்னும் சிலர் கேமை விட்டு இறங்கி, உண்மையான மந்திரப் புஸ்தகம், குறி பார்க்கிற சீட்டு என்று தேட ஆரம்பித்திருக்கலாம். அதைக் கண்டால் தாமதிக்காமல் என்னிடத்தில் அழைத்து வாருங்கள். உபாகமம் 18 விலக்குகிற காரியம் அதுதான், அதிலே நான் ஒரு அடியும் விட்டுக்கொடுக்கமாட்டேன். அந்த அதிகாரம் அஞ்சனமும் குறியும் கூடாது என்று நிறுத்திவிடவில்லை. உடனே, உங்கள் நடுவிலிருந்து ஒரு தீர்க்கதரிசி எழும்புவார், அவருக்குச் செவிகொடுங்கள் என்று வாக்குக் கொடுக்கிறது. வெறுங்கையோடு தேவன் யாரையும் மந்திரவாதியின் வாசலிலிருந்து திருப்பி அனுப்பவில்லை.

கில்காலில் பஞ்சகாலம். எலிசா சொன்னபடி பெரிய பானை அடுப்பில் இருந்தது. ஒருவன் கீரை பறிக்கப் போய், என்ன காய் என்று தெரியாமல் பேய்க்கொம்மட்டியை மடி நிறைய அறுத்துவந்து போட்டுவிட்டான். பசியுள்ளவர்களுக்குச் சமைக்கவேண்டும் என்கிற நல்ல எண்ணம்தான். வாயில் வைத்தவுடனே இது சாவு என்று அலறினார்கள். தீர்க்கதரிசி பானையைக் கவிழ்க்கவில்லை, காய் பறித்தவனையும் அடிக்கவில்லை. மா கொண்டுவரச் சொல்லி அதிலே போட்டார், பிறகு எல்லாரும் சாப்பிட்டார்கள். பிள்ளைகளுடைய பானையில் போட நம்மிடத்தில் மா இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாகச் சமாரியாவின் சீமோன். ஊரெல்லாம் பிரமிக்கும்படி மாயவித்தை செய்துகொண்டிருந்தவன். பிலிப்புவின் பிரசங்கத்தைக் கேட்டு விசுவாசித்தான், ஞானஸ்நானமும் எடுத்தான். பேதுருவும் யோவானும் கை வைத்தபோது பரிசுத்த ஆவியானவர் அருளப்படுகிறதைக் கண்டான். உடனே பணத்தை எடுத்து நீட்டினான், இந்த அதிகாரம் எனக்கும் வேண்டும் என்று. தண்ணீரிலிருந்து ஏறினவன், ஆனாலும் இன்னொரு மந்திரம் கற்றுக்கொள்ளுகிற ஆசைதான் உள்ளே இருந்தது. பேதுரு கடுமையாய்க் கடிந்துகொண்டு, மனந்திரும்பி ஜெபிக்கச் சொன்னார். சீமோனோ, நீங்களே எனக்காக ஜெபியுங்கள், நீங்கள் சொன்னது ஒன்றும் எனக்கு வராதபடிக்கு, என்றான். அது மனந்திரும்புதலா, பயமா? லூக்கா எழுதவில்லை. அப்போஸ்தலர்கள் சமாரியாவின் கிராமங்களில் பிரசங்கித்துக்கொண்டே எருசலேமுக்குத் திரும்பிப் போனார்கள்.

ஜெபக்குறிப்பு: வலிப்பினால் வருத்தப்படுகிற நம்முடைய சிறுமிக்காகவும், கயிறு கட்டப் போகாமல் நிற்கிற அவளுடைய தாயாருக்காகவும் எல்லா வீட்டு ஜெபக்கூட்டங்களிலும் மறவாமல் ஜெபியுங்கள். டாக்டர் எழுதின மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்தவேண்டாம் என்று அவர்களுக்குச் சொல்லியிருக்கிறோம். நீங்களும் வேறுவிதமாக ஆலோசனை சொல்லாதிருங்கள்.